தென்னங்குழி உப்பு

சர்தார் பாஷாவுக்கு யாருக்காவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கொடுப்பதிலும் ஒரு ருசி உண்டு. அது நாக்கில் ஏறிவிட்டால், கையில் இருப்பது என்ன என்று திருப்பிப் பார்க்கத் தோன்றாது. பாஷாவுக்கு அது நன்றாகவே ஏறியிருந்தது.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் அவர் கிடங்கு மேஸ்திரி. ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. சந்தைகளிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதை ரகம் பிரித்து, ஒட்டியிருக்கும் உப்பை உதறி, ஊறப்போடும் தொட்டிக்கு அனுப்புகிற வரைக்கும் அவர் பொறுப்பு. உதறின உப்பு கிடங்கு மூலையில் குவிந்து கிடக்கும். முடியும் மண்ணும் கலந்து பழுப்பாக இருக்கும், வாடை வேறு. சமையலுக்கு ஆகாது. ஆனால் வெள்ளைக்காரன் உப்பு மேல் வரி போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. சும்மா கிடக்கிற உப்பை யார் வேண்டாம் என்பார்கள்? முக்கியமாகத் தென்னை வைக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

தென்னைக்கும் உப்புக்கும் அப்படி ஒரு உறவு. குழி எடுத்து, அடியில் ஆற்று மணலும் சாம்பலும் உப்பும் கலந்து போட்டால்தான் கரையான் அண்டாது, வேர் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கன்று வளர்ந்து குருத்து விடும்போது, மட்டை இடுக்கில் உப்பும் மணலுமாக ஒரு பிடி வைத்தால் குருத்தைத் துளைக்கிற வண்டு கிட்ட வராது. இதெல்லாம் பாஷாவுக்குச் சொன்னவர் அரங்கநாதன். குடியாத்தத்து நெசவு முதலியார் குடும்பம். அண்ணன் தம்பிகளெல்லாம் தறியில் இருக்க, இவர் மட்டும் மனைவி பூரணி வழியில் வந்த ஆற்றங்கரைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். தென்னையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவதைக்கூடக் கவனிக்க மாட்டார்.

அவர் தோட்டத்தை ஒட்டி இருந்த தரிசுத் துண்டைப் பாஷா வாங்கினார். அதில் தென்னை வைக்க வேண்டும் என்று ஆசை. "நாள் பூரா தோல் நாத்தத்துல கெடக்கறேன் மொதலியாரே. சாயங்காலம் வந்து நாலு மரத்துக்கு நடுவுல நிக்கணும், அவ்ளோதான்" என்றார். அரங்கநாதனுக்கு அது போதும். தோட்டத்தில் இருந்த நடுவயசு மரங்களில் குட்டை மட்டையும் உருண்டை மண்டையுமாக, குலை தாங்கி நிற்கிற ஒன்றைத் தாய்மரமாகப் பொறுக்கினார். நெற்றுகளைத் தொப்பென்று போடவிடாமல் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டி, தண்ணீர் சலசலக்கிறதா என்று கேட்டார். மணல் பாத்தியில் படுக்க வைத்து ஒரு வருஷம் காத்தார். முந்தி முளைத்தது, கழுத்து தடித்தது, இலை சீக்கிரம் பிரிந்தது எது எது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கி, "இதெல்லாம் உங்களுக்கு பாய்" என்றார்.

பாஷாவுக்குக் கண் கலங்கிப் போயிற்று. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? "உப்புக்கு நீங்க எங்கயும் போவக் கூடாது. உங்க குழிக்கும் என் குழிக்கும் நான் கொண்டாறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

ஆனி மாச நடுவில்தான் அந்தத் தோல் வந்தது.

வடக்கே எங்கோ ஒரு சந்தையிலிருந்து வந்த சரக்கு. மூட்டையைப் பிரிக்கும்போதே பாஷாவுக்குப் பிடிக்கவில்லை. அறுத்த மாட்டுத் தோலில் ரத்தம் வடிந்து உட்புறம் வெளுத்திருக்கும். இதில் கருநீலமாகத் திட்டுத் திட்டாக உறைந்திருந்தது. செத்த மாடுகள். செத்த மாட்டுத் தோல் வருவது புதிதில்லை, ஆனால் இத்தனை மாடும் ஒரே நேரத்தில் எதனால் செத்தன? பாஷா முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, "சீக்கிரம் தொட்டில போட்டுடு. பேச்சு வேணாம்" என்றார்.

கிடங்கில் தோல் சுமந்து உப்பு உதறுகிறவன் கன்னியப்பன். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது. அந்தச் சரக்கை உதறின சில நாளில், தோலைப் போட்டுச் சுமக்கிற பிடரியில் அவனுக்கு ஒரு கொப்புளம் வந்தது. கடலை அளவுதான். நடுவில் கறுத்து, சுற்றிலும் வீங்கியது. "வலிக்குதாடா?" என்று பாஷா கேட்டார். "வலியே இல்ல மேஸ்திரி. எம் பொண்டாட்டி பேச்சவிட இது எவ்வளவோ தேவல" என்று சிரித்தான். கறுப்பு பெரிதானது. வீக்கம் கழுத்தைச் சுற்றி மார்புக்கு இறங்கியது. அப்போதும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னான். அடுத்த சந்தை நாளுக்கு முன்னால் செத்துப்போனான்.

தோல் ஷாப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அந்த நோயின் பேரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அடைப்பான். நேற்று மேய்ந்த மாடு இன்று விறைத்துக் கிடக்கும், மூக்கில் கறுத்த ரத்தம் உறையாமல் ஒழுகும். அதன் தோலைத் தொட்ட மனுஷனுக்கும் அது வரும். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்பது தெரியாது என்பதால்தான் அந்தப் பேரைச் சொல்லப் பயம்.

கன்னியப்பனைப் புதைத்த அன்றைக்கு முதலாளி பாஷாவைக் கூப்பிட்டார். "அந்த சரக்குல உதறின உப்பு இருக்கில்ல? அத ஆத்துல கொட்டாத. யாருக்கும் தெரியாம பொதச்சிடு."

இங்கேதான் பாஷாவின் புத்தி வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

தோல்காரர்களுக்கு உப்பின் மேல் இருக்கிற நம்பிக்கை வேறு யாருக்கும் இருக்காது. அழுகுகிற வஸ்துவை அழுகாமல் நிறுத்துவது உப்பு. புழுவைக் கொல்வது உப்பு. பச்சைத் தோலை மாசக்கணக்கில் காப்பாற்றி, கடல் தாண்டி அனுப்பும் வரை தாங்க வைப்பது உப்பு. அவர்கள் பிழைப்பே அதன் மேல் நிற்கிறது. நோய் தோலில் இருந்திருக்கும், உப்பிலே எப்படி இருக்கும், உப்பில் என்ன பிழைக்கும் என்று பாஷா தனக்குள் கேட்டுக்கொண்டார். முதலாளி புதைக்கத்தானே சொன்னார்? தென்னங்குழி நெஞ்சாழம் இருக்கும். அதில் போட்டு மண் தள்ளினால் அது புதைப்பு இல்லாமல் வேறென்ன? ஆடி பிறக்கப்போகிறது, குழிகள் வாய் திறந்து கிடக்கின்றன, வாக்கும் கொடுத்தாகிவிட்டது. வேறு உப்பு அப்போது கையில் இல்லை.

இத்தனை காரணம் தேடுகிறவன் மனசுக்குள் எங்கேயோ ஒரு இடத்தில் தப்பு என்று தெரிந்திருக்கும். பாஷாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் வண்டியில் மூட்டைகளை ஏற்றும்போது கைக்குத் துணி சுற்றிக்கொண்டார். அரங்கநாதனிடம் இறக்கும்போது அந்தத் துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார்.

நடவு நன்றாக நடந்தது. குழி அடியில் உப்பும் சாம்பலும் மணலும் பரப்பி, அதன் மேல் மண் போட்டு, கன்றை நெற்றோடு உட்கார வைத்து, கழுத்து மூடாமல் மண் அணைத்தார்கள். ஓலை கட்டி நிழல் கொடுத்தார்கள். ஆடு வராமல் முள் அடைத்தார்கள். பாஷா தன் குழிகளில் உப்பைக் கூடையிலிருந்து அப்படியே சரித்தார், கை வைக்கவில்லை. வேலியின் அந்தப் பக்கம் அரங்கநாதன் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கலந்துகொண்டிருந்தார். "கூடையிலயே கொட்டுங்களேன் மொதலியாரே, எதுக்கு கையில?" என்று பாஷா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "கையால கலந்தாத்தான் பாய் சீரா வரும்" என்றார் அவர். பாஷா அதற்கு மேல் பேசவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பாஷா தினமும் சாயங்காலம் தோட்டத்துக்கு வருவார். கன்றைப் பார்க்கிறது போல வந்து அரங்கநாதனின் கையையும் கழுத்தையும் பார்ப்பார். சுத்தமாக இருக்கும். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்குவார். வீட்டில் நசீமுன்னிசா, "தென்ன வச்சதுலேர்ந்து உங்களுக்கு இன்னா ஆச்சு? சோத்துல கை வச்சிட்டு எங்கயோ பாக்கறீங்களே" என்று கேட்டாள். "தொட்டில வேலை ஜாஸ்தி" என்றார்.

இரண்டு தோட்டத்திலும் கன்றுகள் பிழைத்து, புது ஓலை விட்டு நின்றன. ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. வருகிற போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கெட்டது வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்று பாஷாவும் மெல்ல நம்ப ஆரம்பித்தார்.

புரட்டாசியில் ஒரு காலை, ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அரங்கநாதனிடமிருந்து ஆள் வந்தது. மாடு செத்துப்போய்விட்டது.

பாஷா போனபோது கறவை மாடு கொட்டகைக்கு வெளியே கால்கள் விறைத்துக் கிடந்தது. வயிறு அதற்குள் ஊதிவிட்டது. முந்தின சாயங்காலம்கூடப் பால் கறந்த மாடு. அரங்கநாதன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். "பாம்பு பாய். வேற இன்னா? காலையில வந்து பாத்தா இப்படி கெடக்குது" என்றார். மாட்டின் மூக்கோரம் மண் நனைந்திருந்தது. கறுப்பாக இருந்தது, ஈ மொய்த்தது. பாஷா குனிந்து பார்த்தார். ரத்தம் உறையவே இல்லை.

கொட்டகையின் கம்பத்தில் ஒரு காலிக் கோணி தொங்கியது. அடிப்பக்கம் நக்கி நக்கி நைந்து போயிருந்தது.

"இது இன்னா கோணி?" என்று கேட்டார்.

"நீங்க குடுத்த உப்புக் கோணிதான். மாட்டுக்கு நக்கக் குடுத்தா நல்லா தண்ணி குடிக்கும், பால் ஜாஸ்தியா வரும்னு பூரணி மாட்டி வச்சா. குழிக்குப் போட்டது போக மீந்துதே, அத போன வாரந்தான் கோணியிலேர்ந்து மண் சாலுக்கு மாத்தினோம்."

மீந்தது. பாஷா அதை நினைக்கவே இல்லை. எல்லாம் குழிக்குள் போய்விட்டது என்றே இருந்தார்.

செத்த மாட்டை எடுக்கிறவர்கள் இரண்டு பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். ஊர் வழக்கப்படி தோலும் கறியும் அவர்களுக்கு. தோல் சாயங்காலம் ஏதாவது ஒரு ஷாப்புக்கு, அநேகமாகப் பாஷாவின் கிடங்குக்கே, வந்து சேரும். கறி பல வீட்டு அடுப்புக்குப் போகும். ஒருவன் கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

பாஷா மறுபடி அந்த மூக்கோரத்து ரத்தத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டும். சொன்னால், உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஷாப்பின் பேர் கெடும், வேலை போகும், தோஸ்தின் மாட்டைக் கொன்றவன் என்று ஆற்றங்கரை பூராவும் பேசும். இந்த எண்ணம்தான் அவருக்கு முதலில் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கத்தியோடு நிற்கிற இரண்டு பேர் அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தார்கள்.

"அறுக்க வேணாம்பா. அப்படியே பொதச்சிடுங்க. பாம்பு வெசம் கறியில ஏறியிருக்கும்" என்றார்.

தீட்டுகிறவன் சிரித்தான். "பாம்பு கடிச்சத எத்தினி தின்னிருக்கோம் சாமி. கொதிச்சா வெசம் போய்டும்."

"தோல் என் ஷாப்புக்குத்தான வரும்? நான் வாங்க மாட்டேன்."

"நீங்க வாங்கலன்னா வேற ஷாப்பு இல்லியா?"

அரங்கநாதனே நிமிர்ந்து பார்த்தார். "இன்னா பாய், அவங்க பாத்தியதைய நாம எப்படித் தடுக்கறது?"

பொய்யில் பாஷாவுக்கு அடுத்த படி கிடைக்கவில்லை. அவன் தீட்டி முடித்துக் கத்தியின் கூர்மையை விரலால் பார்த்தான்.

அந்த நேரத்தில் பூரணி செம்பில் மோர் கொண்டுவந்து, "குடிங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று நீட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நீட்டின கையில், வளையலுக்கு மேலே, முழங்கைக்குப் போகிற வழியில் ஒரு கொப்புளம் இருந்தது. நடுவில் கறுத்திருந்தது. சுற்றிலும் தோல் பளபளவென்று வீங்கியிருந்தது.

செம்பைப் பாஷா வாங்கவில்லை.

"இது எப்ப வந்துச்சும்மா?"

"இதுவா? மூணு நாலு நாளா இருக்குது. சின்ன தென்னைக்குக் குருத்துல உப்பு வச்சேன். மட்ட கிழிச்சிடுச்சி. அதுலதான் இப்படி ஆயிட்டுது."

"வலிக்குதா?"

"வலிக்கலண்ணே. அதனாலதான் பேசாம விட்டுட்டேன்."

பாஷா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "கத்திய வைடா கீழ! யாரும் அதத் தொடாதீங்க! அடைப்பான். உப்புல வந்தது. நான் குடுத்த உப்புல வந்தது."

கத்தி வைத்திருந்தவன் அந்தப் பேரைக் கேட்டதும் பின்னால் நகர்ந்தான். கூட வந்தவன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிக்குப் போய்விட்டான். அரங்கநாதன் எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தார், சட்டென்று விட்டார், மறுபடி பிடித்தார்.

"கன்னியப்பன் செத்தானே," என்றார் பாஷா. "இப்படித்தான் வந்துச்சு அவனுக்கும். உடனே வேலூருக்குக் கூட்டினு போங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க. நேரம் கடத்தாதீங்க. பொழைக்கறவங்களும் இருக்காங்க, பொழச்சி வந்தவன நானே பாத்திருக்கேன்."

"உங்களுக்குத் தெரியுமா இது?" அரங்கநாதன் மனைவியின் கையை விடாமலே கேட்டார். "இதத் தெரிஞ்சா குடுத்தீங்க?"

பாஷா அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் மணலில் காத்துக் காத்துப் பொறுக்கின கன்றுகளை எடுத்துக் கொடுத்த மனுஷன். உண்மை அவ்வளவு தூரம் வந்துவிட்டது, இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. அந்த ஒரு வார்த்தைக்குப் பாஷாவுக்குத் தைரியம் இல்லை.

"அல்லா மேல ஆணையா இல்ல. இன்னிக்குக் காலையிலதான், மாட்டப் பாத்த பொறவுதான் தெரியும்" என்றார்.

பூரணிதான் அதற்குப் பதில் சொன்னாள். "விடுங்க. தெரிஞ்சா குடுப்பாரா அண்ணன்? நம்ம தலையெழுத்து." அவள் பாஷாவைப் பார்த்தே அதைச் சொன்னாள். அவருக்காகப் பேசினாள்.

பாஷா எழுந்து, "மிச்ச உப்பு எங்க? அந்தச் சால எடுங்க, ஆழமா பொதச்சிட்டு அப்புறம் கெளம்பலாம்" என்றார்.

பூரணி அவரைத் தடுத்தாள்.

"சால் காலிண்ணே."

"காலியா?"

"நம்ம தென்னங்கன்னு எப்படி நிக்குது பாத்தீங்கள்ல. எல்லாரும் வந்து கேட்டாங்க, இன்னா போட்ட இன்னா போட்டன்னு. ஆளுக்கு ரெண்டு மொறம் குடுத்துட்டேன். வீரபாகு மாமாவுக்கு, மேலத் தோட்டத்துக்கு, ஆத்து மொனையில இருக்கற அப்துல் ஹமீது பாய்க்கு. மாட்டுக்கும் குடுங்க, நக்கினா பால் வரும்னு நாந்தான் சொன்னேன்." அப்புறம் மெதுவாக, "உங்க பேரச் சொல்லித்தான் குடுத்தேன். மேஸ்திரி பாய் உப்புன்னு" என்றாள்.

அரங்கநாதன் வண்டி பூட்ட ஓடினார். ஆம்பூர் ஸ்டேஷனில் வேலூர்ப் பக்கம் போகிற ரயில் வர இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகம் இல்லை. பாஷாவும் கூட வருகிறேன் என்று நின்றார். பூரணி தலையை ஆட்டினாள்.

"நீங்க எங்ககூட வராதீங்கண்ணே. ஒவ்வொரு தோட்டமா போய்ச் சொல்லுங்க. நான் குடுத்தது அவங்களுக்கு. அங்கயும் புள்ளகுட்டி இருக்குது. மொதல்ல அதப் பாருங்க."

அவர் ஓடினார். அவர் வயசுக்கும் உடம்புக்கும் ஓடி வெகு காலம் ஆகியிருந்தது. கரை மேல் மூச்சு வாங்க ஓடும்போது, பூரணி சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பிவிட்டாளே!

வீரபாகுவின் தோட்டம் பாதையை ஒட்டி இருந்தது. ரயில்வேயில் லைன் பார்த்து ரிட்டையர் ஆன மனுஷர். எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார் என்று ஊரில் பேர். படலைத் திறந்துகொண்டு வந்தவர் முகம் மலர்ந்து, "வாங்க பாய்! உங்களத்தான் நெனச்சினு இருந்தேன். இன்னும் ஒரு மூட்ட கெடைக்குமா?" என்றார்.

பாஷா படலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். உப்பைத் தொடாதீர்கள், மாட்டுக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், அது செத்தால் யாரையும் அறுக்க விடாதீர்கள், யார் உடம்பிலாவது வலிக்காத கொப்புளம் வந்தால் அன்றைக்கே வேலூருக்குப் போங்கள். வீரபாகு குறுக்கே பேசாமல் கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டு, எருமையை அவிழ்த்து அந்தக் கோடியில் கட்டச் சொன்னார், கையைக் கழுவச் சொன்னார், குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு பாஷாவின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க பாய். இது உப்புல இருக்குதுன்னு உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார் பாஷா.

"கன்னியப்பன் செத்தது ஆனியில. அவன் உதறின சரக்குலதான் செத்தான்னு சேரியில எல்லாருக்கும் தெரியும். உப்பு வந்தது ஆடியில. அந்த சரக்கு உப்பா இல்லியான்னு கெடங்கு மேஸ்திரிக்குத் தெரியாதா?"

பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. பாஷா திரும்பவில்லை. இன்னும் ஒரு பொய் சொல்லலாம். வாயில் வந்து நின்றது, அது ரொம்ப சுலபமாகவும் இருந்திருக்கும். ஆனால் இங்கே ஒன்று, மேலத் தோட்டத்தில் ஒன்று, அப்துல் ஹமீதிடம் ஒன்று என்று எத்தனை இடத்தில் அதைச் சுமந்துகொண்டு போவது? அவருக்கு அலுத்துவிட்டது. தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"தெரியும்" என்றார். "அவனப் பொதச்ச அன்னிக்கே தெரியும். பொதச்சிடுன்னு மொதலாளி சொன்னாரு. எனக்கு மனசு வரல. தெரிஞ்சேதான் வண்டில ஏத்தினேன். கையில துணி சுத்தினு ஏத்தினேன்."

வீரபாகு அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஷா அப்போதுதான் திரும்பினார். அரங்கநாதனின் வண்டி படலுக்கு எதிரேயே நின்றுகொண்டிருந்தது. அவரைக் கண்டு நிறுத்தியிருக்க வேண்டும், ஏதோ சொல்லவோ கேட்கவோ. அரங்கநாதன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் கூண்டுக்குள் பூரணி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, வீங்கின கையை மடியில் வைத்திருந்தாள்.

பாஷா வண்டிக்கு ஓடிச் சக்கரத்தின் மேல் கை வைத்தார். "தங்கச்சி" என்றார். "மொதலியாரே" என்றார்.

அரங்கநாதன் நேரே பாதையைப் பார்த்தார். பூரணி பாஷாவைப் பார்த்தாள். அழவில்லை. அப்புறம் முகத்தைக் கணவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவர சக்கரத்துலேர்ந்து கைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "ரயிலு போய்டும்."